முழங்கை முறிந்த பிள்ளையின் கைக்கு ரத்தம் போகிறதா? சிங்கப்பூர்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கையை ஊன்றி விழுந்த பிள்ளைக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு உடைந்து, அதோடு கைக்குப் போகும் ரத்தக்குழாயும் சிக்கலில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும், டாக்டர்கள் என்ன செய்வார்கள், நாம் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதுதான் இந்தப் பக்கம். பெற்றோர் கேட்பதை விட தாத்தா பாட்டிகள் கேட்கும் கேள்விகளே அதிகம், ஏனென்றால் மாலை நேரத்தில் விளையாட்டுத் திடலில் பிள்ளையோடு இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். உங்கள் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

அடிபட்டது முழங்கையில். டாக்டர் ஏன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்?

எலும்பு எப்படியும் சேர்ந்துவிடும், அதுவும் இந்த வயதில் சீக்கிரமாகவே சேர்ந்துவிடும். முழங்கை எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதை நேராக்க வழி இருக்கிறது. அவசரம் எல்லாம் அதற்குக் கீழே. முன்கையின் தசைகளுக்குச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு மேல் ரத்தம் போகாமலிருந்தால் அவை நிரந்தரமாகச் சேதமடையத் தொடங்கும். செத்த தசை திரும்ப வளராது. அதனால்தான் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே மணிக்கட்டில் நாடி பிடித்து, விரல் நுனியை அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்க்கிறார். நீங்களும் முழங்கையைப் பார்த்துப் பதறுவதை விட்டுவிட்டு விரல்களைப் பாருங்கள்.

எந்த எலும்பு, எந்தக் குழாய்?

தோளிலிருந்து முழங்கை வரை வரும் மேற்கை எலும்பு, முழங்கைக்கு மேலே தட்டையாகி மெலிந்துவிடும். குழந்தைகளிடம் அந்த இடம் இன்னும் மெல்லியது. கையை நீட்டி ஊன்றி விழும்போது முழங்கை பின்பக்கமாக மடங்க, எலும்பு அங்கே முறிகிறது. கீழ்த் துண்டு பின்னால் போகும், மேல் துண்டின் கூரான முனை முன்னால் துருத்தும். அந்த முனைக்கு நேர் முன்னால்தான் புயத்தமனி ஓடுகிறது. கைக்கு ரத்தம் கொண்டுபோகும் முதன்மைக் குழாய் அதுதான். பக்கத்திலேயே நடு நரம்பும் ஓடுகிறது. விளிம்பில் இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு போல அந்தக் குழாய் எலும்பு முனையின் மேல் விறைத்து நிற்கும். சில நேரம் அது மடங்கும், சில நேரம் இறுகிச் சுருங்கும். உள்சுவர் கிழிந்து ரத்தம் உறைவதும் உண்டு. அறுந்தே போவது அரிது.

இந்த முறிவு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகுமா?

ஆகாது. 1959இல் கார்ட்லண்ட் என்ற எலும்பு மருத்துவர் வகுத்த மூன்று வகைகளை இன்றும் பயன்படுத்துகிறார்கள். முதல் வகையில் எலும்பு விலகவில்லை, மாவுக்கட்டு போதும். இரண்டாவதில் எலும்பின் பின்பக்க மேலோடு மட்டும் ஒட்டியபடி சாய்ந்திருக்கும். மூன்றாவதில் இரண்டு துண்டுகளும் முழுதாகப் பிரிந்துவிடும். ரத்தக்குழாய் பிரச்சினை கிட்டத்தட்ட எல்லாமே இந்த மூன்றாவது வகையில்தான். அதிலும் பத்தில் ஒரு பிள்ளைக்கு, கூடிப்போனால் இரண்டு பிள்ளைக்கு, மருத்துவமனைக்கு வரும்போது மணிக்கட்டில் நாடி கிடைக்காது.

விழுந்தவுடனே வீட்டிலோ புளோக்கின் கீழேயோ என்ன செய்வது?

கையை நேராக்க முயலாதீர்கள். எந்தக் கோணத்தில் பிள்ளை வைத்திருக்கிறதோ ஏறக்குறைய அந்தக் கோணத்திலேயே தாங்கிப் பிடியுங்கள். மடித்த செய்தித்தாள், தலையணை, எதுவானாலும் சரி, அடியில் கொடுத்து ஒரு துணியால் தளர்வாகக் கட்டலாம். முழங்கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வீங்கிய முழங்கையை அப்படி இறுக மடக்கினால் குழாய் இன்னும் நசுங்கும். லேசாக மட்டும் மடங்கிய நிலையே நல்லது.

அடுத்தது, மணிக்கட்டைப் பாருங்கள். வெள்ளிக் காப்பு, வளையல், கறுப்புக் கயிறு, கோயிலில் கட்டிய மஞ்சள் கயிறு, கைக்கடிகாரம், ரப்பர் வளையம் எதுவாக இருந்தாலும் உடனே கழற்றுங்கள். கயிறாக இருந்தால் வெட்டிவிடுங்கள். இன்னொரு கயிறு சாமியிடம் வாங்கிக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் கை வீங்கிய பிறகு காப்பைக் கழற்ற வெட்டும் கருவி தேவைப்படும்.

சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். அழுகையை நிறுத்த மைலோ கொடுப்பது பாசம்தான், ஆனால் அது அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம். வயிறு நிறைந்திருந்தாலும், கைக்கு ரத்தமே போகவில்லை என்றால் மயக்க மருத்துவர் காத்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

கை வெளுத்துச் சில்லிட்டுப் போயிருந்தாலோ, தோலைக் கிழித்து எலும்பு தெரிந்தாலோ 995க்கு அழையுங்கள். மற்றபடி டாக்ஸியோ கிராப்போ போதும்.

தெரிந்த ஒருவர் எண்ணெய் தடவிக் கட்டுப் போடுவார். முதலில் அங்கே போகலாமா?

வேண்டாம். இதை மரியாதைக்காகச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது. ஊரில் புத்தூர்க் கட்டு பார்த்து வளர்ந்தவர்களுக்கும், இங்கே சீனப் பாரம்பரிய மருத்துவக் கடையில் சுளுக்கு எடுத்துப் பழகியவர்களுக்கும் இது கசக்கும். ஆனால் விலகிய எலும்பு முனையின் மேல் அழுத்தித் தேய்த்தால் குழாய் கிழியலாம். பிறகு மேலே இறுக்கமாகக் கட்டினால் உள்ளே வீக்கம் கூடி, மிஞ்சியிருக்கும் ரத்த ஓட்டமும் நின்றுவிடும். இந்த முறிவில் கையை இழக்கும் கதைகள் பெரும்பாலும் இறுக்கமான கட்டிலும் தாமதத்திலும்தான் தொடங்குகின்றன.

எந்த மருத்துவமனைக்கு?

முழங்கை கோணலாகவோ பெரிதாக வீங்கியோ இருந்தால் பலதுறை மருந்தகத்தில் வரிசை நிற்க வேண்டாம், அங்கிருந்தும் அனுப்பத்தான் போகிறார்கள். புக்கிட் தீமா ரோட்டிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும், கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கென்றே அவசரப் பிரிவு இருக்கிறது. பதிவு செய்யும்போதே “விரல்கள் சில்லென்று இருக்கின்றன” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்கள் இடத்தை வரிசையில் முன்னால் நகர்த்தும்.

“நாடி இல்லை, ஆனால் கை நல்ல நிறமாக இருக்கிறது” என்கிறார்கள். நாடி இல்லாமல் கை எப்படிப் பிழைக்கும்?

முழங்கையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய்கள் வலையாகப் பின்னியிருக்கின்றன. முதன்மைக் குழாய் அடைபட்டாலும் அந்தப் பக்கவழிகள் மூலம் ரத்தம் கீழே வரும். பிள்ளைகளிடம் அது நன்றாகவே வேலை செய்யும். மணிக்கட்டில் தொட்டு உணரும் அளவுக்கு அழுத்தம் இருக்காது, அவ்வளவுதான். விரல்கள் வெதுவெதுப்பாக, நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புவதாக இருந்தால் இப்போதைக்குக் கை உயிரோடிருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர்கள் “இளஞ்சிவப்புக் கை”, “வெள்ளைக் கை” என்று பிரித்துப் பேசுவார்கள். நம் பிள்ளைகளின் தோல் நிறத்தில் புறங்கையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளங்கையையும் நகக்கண்ணையும் பாருங்கள், அடிபடாத கையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமா, ஒரே சூடா? மருதாணி இட்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். தீபாவளி நேரத்தில் இது உண்மையிலேயே குழப்பும்.

வெள்ளைக் கை என்றால் பேச்சுக்கே இடமில்லை, உடனே அறுவை அறைக்கு.

அப்படியென்றால் முதலில் ஆஞ்சியோகிராம் எடுத்துக் குழாயைப் பார்க்க வேண்டாமா?

பொதுவாக வேண்டியதில்லை. குழாய் எங்கே பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது எக்ஸ்ரேயிலேயே தெரிகிறது: எலும்பு உடைந்த இடத்துக்கு நேர் எதிரே. ஆஞ்சியோகிராம் அதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லாது, மணிக்கணக்கில் நேரத்தை மட்டும் தின்னும். தேவைப்பட்டால் கையடக்க டாப்ளர் கருவியை மணிக்கட்டில் வைத்து ரத்த ஓட்டத்தின் ஓசையைக் கேட்பார்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவியும் உதவும். ஆனால் அது நல்ல எண் காட்டுகிறது என்பதற்காக நிம்மதியாகிவிட முடியாது.

அறுவை அறைக்குள் என்ன செய்வார்கள்?

முழு மயக்கத்தில் முதல் வேலை எலும்பைச் சேர்ப்பது, குழாயைத் திறப்பது பிறகுதான். இதுதான் பெற்றோருக்கு விளங்காத இடம். “குழாய்தானே பிரச்சினை, எலும்பை ஏன் முதலில்?” குழாயைத் தொந்தரவு செய்வதே எலும்பு முனைதான். அதை அதன் இடத்துக்கு அனுப்பினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மேசையிலேயே நாடி திரும்பிவிடும்.

தோலை வெட்டாமலே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கையை இழுத்து, பக்கவாட்டுக் கோணலைச் சரிசெய்து, மடக்கி, எலும்பை இடத்தில் அமர்த்துவார்கள். பிறகு இரண்டு அல்லது மூன்று மெல்லிய எஃகுக் கம்பிகளைத் தோல் வழியாகச் செலுத்திப் பிடிக்க வைப்பார்கள். கம்பி போட்டுவிட்டால் முழங்கையை இறுக மடக்கி வைக்கத் தேவையில்லை, அதனால் குழாய்க்கும் இடம் கிடைக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். எலும்பைச் சேர்க்கப் பார்க்கும்போது நடுவில் ரப்பர் இருப்பது போன்ற தடை தெரிந்தால், குழாயோ நரம்போ இடையில் மாட்டியிருக்கலாம். நல்ல மருத்துவர் அங்கே வலுவைக் காட்ட மாட்டார், முழங்கை முன்மடிப்பில் திறந்து பார்ப்பார். முன்பு இருந்த நாடி எலும்பைச் சேர்த்த பிறகு காணாமல் போனாலும் அப்படியே. குழாய் முறிவுக்குள் நசுங்கியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எலும்பு சேர்ந்த பிறகும் நாடி வரவில்லை. திறந்து பார்க்கச் சொல்லி வற்புறுத்தலாமா?

கை வெள்ளையாகவே இருந்தால் நீங்கள் வற்புறுத்தத் தேவையில்லை, திறந்துவிடுவார்கள். கை நல்ல நிறமாக, சூடாக இருந்து நாடி மட்டும் இல்லை என்றால், அங்கேதான் எலும்பு மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ஒரு சாரார் வார்டில் வைத்து ஒன்றிரண்டு நாள் மணிக்கு மணி கவனிக்கச் சொல்கிறார்கள். குழாய் சுருங்கியிருந்தது மெல்லத் தளர்ந்து நாடி திரும்புவது வழக்கம். இன்னொரு சாரார், அடைபட்ட குழாயை விட்டுவைத்தால் பின்னாளில் குளிரில் கை வலிக்கலாம், வளர்ச்சி பாதிக்கலாம் என்று அஞ்சுகிறார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் முதல் வழியே நடைமுறை. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: உண்மையிலேயே கவனிக்க ஆள் இருக்க வேண்டும். இரவு முழுக்க யாரும் விரலைத் தொட்டுப் பார்க்காமல் “கவனிக்கிறோம்” என்பது கவனிப்பு ஆகாது.

நாடி இல்லாததோடு நடு நரம்பும் வேலை செய்யவில்லை என்றால் தராசு திறந்து பார்ப்பதன் பக்கம் சாயும். இரண்டும் அருகருகே ஓடுவதால் இரண்டும் சேர்ந்து மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். உணர்ச்சி மரத்த கையில் ஆபத்தின் வலியும் தெரியாமல் போகும்.

திறந்தால் குழாயை என்ன செய்வார்கள்?

மாட்டியிருந்தால் விடுவிப்பார்கள். சுருங்கியிருந்தால் வெதுவெதுப்பான நீரும், குழாயைத் தளர்த்தும் லிக்னோகேய்ன் அல்லது பாப்பாவெரின் மருந்தும் மேலே விட்டுச் சில நிமிடங்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். உள்ளே உறைந்திருந்தாலோ கிழிந்திருந்தாலோ கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, முனைகள் எட்டினால் நேராகத் தைப்பார்கள். எட்டாவிட்டால் காலிலிருந்தோ முன்கையிலிருந்தோ ஒரு துண்டுச் சிரையை எடுத்து இடையில் ஒட்டுப்போடுவார்கள். சின்னப் பிள்ளையின் குழாய் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், அதனால் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வேலை செய்யும் கை நுண்ணறுவை மருத்துவரோ ரத்தக்குழாய் மருத்துவரோ வந்து சேர்ந்துகொள்வார். “இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறோம்” என்று சொன்னால் கலங்க வேண்டாம்.

ரத்த ஓட்டம் நீண்ட நேரம் நின்றிருந்தால் முன்கையின் தசையுறையையும் நீளமாகத் திறந்துவிடுவார்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும். வீக்கம் வடிந்தபின் சில நாள் கழித்து மூடுவார்கள்.

இரவு வார்டில் நான் என்ன பார்க்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். எலும்பு சேர்ந்து நாடி வந்த பிறகும் ஒரு ஆபத்து மிச்சமிருக்கிறது. தடைப்பட்டிருந்த ரத்தம் திரும்பப் பாயும்போது தசைகள் வீங்கும். அவற்றைச் சுற்றியுள்ள உறை விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி, நுண்குழாய்கள் நசுங்கி, தசை மறுபடி மூச்சுத் திணறும். கவனிக்காமல் விட்டால் மணிக்கட்டும் விரல்களும் கொக்கியாக மடங்கி நிரந்தரமாகிவிடும். 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் விவரித்ததால் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

பெரியவர்கள் “விரலை நீட்டினால் உயிர் போகிறது” என்று சொல்லிவிடுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை சொல்லாது. அது அமைதியிழக்கும், பயப்படும், வலி மருந்து கொடுத்தும் அடங்காது, அடுத்த மருந்தை முன்னை விடச் சீக்கிரம் கேட்கும். இவைதான் அடையாளம். வலி மருந்தின் தேவை மணிக்கு மணி குறைய வேண்டும், ஏறக் கூடாது. ஏறினால் தாதியைக் கூப்பிடுங்கள். “பிள்ளை அடம்பிடிக்கிறது” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள், டாக்டரைப் பார்க்கக் கேளுங்கள். கட்டைத் தளர்த்தி, பஞ்சுவரை வெட்டிப் பார்ப்பது முதல் படி. அப்போதும் தணியவில்லை என்றால் தசையுறையைத் திறக்க வேண்டியதுதான்.

கை முழுக்க மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லிச் சில பெற்றோர் கேட்பதுண்டு. இந்த முறிவில் அதைத் தவிர்ப்பது வேண்டுமென்றே. வலி இங்கே ஒரு காவலாளி.

கையைத் தலையணையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்திருங்கள். விரல் நுனிகள் போர்வைக்கு வெளியே தெரியட்டும். வார்டில் ஏர்கான் குளிர் அதிகம், அதில் நல்ல கையும் சில்லென்றுதான் இருக்கும். அதனால் எப்போதும் இரண்டு கையையும் தொட்டு ஒப்பிடுங்கள்.

கை நன்றாக இருக்கிறது, ஆனால் அறுவை நாளைக் காலைதான் என்கிறார்கள். சரியா?

நாடி நன்றாக, நரம்புகள் வேலை செய்து, வீக்கம் கட்டுக்குள் இருந்தால் சரிதான். நள்ளிரவில் களைத்த கைகளை விடக் காலையில் தெளிந்த கைகள் நல்லது. அந்த இரவிலும் விரல்களைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாடி இல்லாத கைக்கு இந்தப் பதில் பொருந்தாது.

அப்பா ஜொகூரில், அம்மா வேலையில். பாட்டிதான் கூட இருக்கிறார். யார் கையெழுத்துப் போடுவது?

பெற்றோர்தான். தொலைபேசியை எடுங்கள், அது போதும். கையே போகும் நிலையில் யாரையும் பிடிக்க முடியவில்லை என்றால் டாக்டர்கள் பிள்ளையின் நலனுக்காகத் தொடங்குவார்கள். பாட்டிக்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண், ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் தெரிந்திருந்தால் பெரிய உதவி.

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம் போட வரவில்லை. நரம்பு அறுந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நடு நரம்பின் ஒரு கிளை இழுபட்டிருக்கிறது. மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாகத் திரும்புவதே வழக்கம். அறுவைக்கு முன்பே அப்படி இருந்ததா என்று குறித்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

செலவு?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வயது வேறுபாடின்றி மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. பெற்றோர் தங்கள் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பிள்ளைக்குக் கட்டலாம். வேலை அனுமதியில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இவை கிடையாது, தனியார் காப்புறுதியைத்தான் பார்க்க வேண்டும். பள்ளியில் விழுந்திருந்தால் பள்ளியின் விபத்துக் காப்புறுதி பற்றிக் கேளுங்கள். தொகை பயமுறுத்தினால் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்திக்கக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். முதல் இரவில் இதை நினைத்துத் தயங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு?

கம்பிகளை மூன்று நான்கு வாரத்தில் கிளினிக்கிலேயே உருவிவிடுவார்கள். மயக்க மருந்து தேவைப்படாது, அழுகை மட்டும் கொஞ்சம் இருக்கும். அதுவரை கட்டு நனையக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அரிக்கும், உள்ளே அடிக்கோலை விட்டுச் சொறிய விடாதீர்கள். காய்ச்சல், சீழ், துர்நாற்றம், விரல் நிறம் மாறுவது எதுவானாலும் சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாமா என்றால், கொடுங்கள், பிள்ளைக்குப் பிடித்தால் சரி. புளிப்பு ஆகாது என்பதற்கு ஆதாரம் இல்லை.

கட்டுப் பிரித்ததும் முழங்கை விறைத்திருக்கும். இங்கேதான் எண்ணெய் மறுபடி தலைகாட்டும். முழங்கையைப் பிடித்து வலுவில் நீட்டித் தேய்த்தால் விறைப்பு கூடும், தசைக்குள் எலும்பு படியவும் கூடும். பிள்ளை விளையாடிக்கொண்டே தானாக நீட்டட்டும். சில மாதங்களில் பெரும்பகுதி திரும்பிவிடும், கடைசிச் சில பாகைகளுக்கு ஓராண்டு வரை ஆகலாம். குழாய் ஒட்டுப்போட்ட பிள்ளைகளை இன்னும் நீண்ட காலம் டாப்ளரில் பார்ப்பார்கள்.

மறுபடி கம்பியில் தொங்கி விளையாட விடலாமா?

எலும்பு நன்றாகச் சேர்ந்து டாக்டர் சம்மதித்த பிறகு விடலாம். இந்த முறிவுக்குத் தொங்கு கம்பிகள் உலகெங்கும் பேர்போனவைதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) விளையாட்டுத் திடல்களின் ரப்பர் தளம் தலையைக் காக்க உதவும், நீட்டிய கையில் இறங்கும் எடையை அவ்வளவாகக் குறைக்காது. மழை பெய்து கம்பி ஈரமாக இருக்கும்போது வேண்டாம். எட்டாத பிள்ளையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்க வைப்பதும் வேண்டாம், தானாக ஏற முடியாத உயரத்திலிருந்து தானாக இறங்கவும் அதற்குத் தெரியாது.